பழைய சாமான் கடை – 17: குதிரை லாயத்துத் தோட்டாக்கள்

இந்த வாரம் பூட்டுகளைப் பற்றி என்று சொல்லியிருந்தேன். பெட்டகச் சாவி மூன்று தலைமுறை கைமாறிய கதையில் போன வாரம் நிறுத்தியது வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள், கடை காரைக்குடியில் இருக்கிறது, உள்ளே மூன்று பூனைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும். எழுத வேண்டிய மாங்காய்ப் பூட்டு மேசைமேல்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை காலை கடைக்கு ஒரு பித்தளைத் தவலை வந்தது. அன்றிலிருந்து மனசு அதைவிட்டு நகரவில்லை.

ஆட்டோவில் பேரனை உட்காரவைத்து, மடியில் சாக்குப் போட்டுச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார் ஆச்சி. நல்ல கனமான தவலை. தட்டி எடுத்த வேலை. சுத்தியல் பட்ட தடம் வயிற்றில் வரிசையாகத் தெரிகிறது. தோளில் மூன்று எழுத்து வெட்டியிருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் அதை விலாசம் என்பார்கள். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. ரங்கூனில் கடைப் பெயர்ப்பலகையில் எது இருந்ததோ அதுவே சமையல்கட்டுக் கரண்டியிலும் இருக்கும். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது பெண் வீட்டார் வைத்த தவலை என்றார் ஆச்சி.

வாயிலிருந்து கழுத்து வழியாகத் தோள்வரை நீளமாக விரிசல்கள் ஓடியிருந்தன. ஒன்றல்ல, பல. தலைமுடி கனம்தான். கீழே போட்ட பாத்திரம் என்றால் எங்காவது நசுங்கியிருக்கும். இதில் ஒரு நசுங்கலும் இல்லை. யாரோ உள்ளிருந்து பிளந்ததாகத் தோன்றியது. ஒரு விரிசல் விலாசத்தின் நடு எழுத்துடைய ஓரத்திலிருந்தே கிளம்பியிருந்தது.

“விழவே இல்ல தம்பி. பரண்ல வெச்சது வெச்சபடிதான் இருந்துச்சு. மேல ஒரு சாமான்கூட அடுக்கல” என்றார் ஆச்சி.

“எந்தப் பரண் ஆச்சி?”

“பின்கட்டுல, மாட்டுக் கொட்டகைப் பரண். இடம் பத்தலைன்னு அங்க ஏத்துனது. மாமா இருந்தவரைக்கும் மாடு இருந்துச்சு.”

எனக்கு அப்போது எதுவும் புலப்படவில்லை. மத்தியானம் ஈயம் பூசும் பெரியவர் வந்தார். எங்கள் தெருவுக்கு வருகிறவர்களில் அவர் ஒருவர்தான் இன்னும் துருத்தியோடு வருகிறார். பாத்திரத்தைக் கையில் வாங்கினால் முதலில் விரல் முட்டியால் ஒரு தட்டு; சத்தத்தை வைத்துத்தான் பேச்சே தொடங்கும். இந்தத் தவலையைத் தட்டவே இல்லை. விரிசலைப் பார்த்ததும் கேட்டார்: “மாட்டுக் கொட்டகையில கிடந்ததா?”

எப்படித் தெரியும் என்றேன்.

“பித்தளைக்கு மூத்திரம் ஆகாது தம்பி. மாட்டு மூத்திரம் அதுமேல படக்கூட வேணாம். அந்தக் காத்துல கிடந்தாலே போதும். மழை நாள்ல தன்னால விட்டுரும். எங்கப்பா காலத்துலேருந்து பாக்குறேன்.”

அவர் போன பிறகு தேடத் தொடங்கினேன். அன்று இரவு எனக்குக் கிடைத்ததை இந்த வாரம் கடைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். திருச்சியிலிருந்து கதவு வாங்க வந்தவருக்கும், தண்ணீர் கேன் போடும் தம்பிக்கும் சொல்லியாயிற்று. உங்களுக்குச் சொல்லாமல் பூட்டுக்குப் போக முடியாது.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் கூரையுள்ள இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ராணுவத்தில் கூரையுள்ள பெரிய இடம் குதிரை லாயம். அங்கே அடுக்கினார்கள். மழை ஓய்ந்து பெட்டியைத் திறந்தால் பித்தளைத் தோட்டாக் குழல்களில் நீள நீளமாக வெடிப்பு. யாரும் தொடவில்லை, சுடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. அப்படி வெடித்த குழலைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் சுடுகிறவனுக்கே ஆபத்து. மழையில்தான் இது நடக்கிறது என்பதை மட்டும் கண்டுகொண்டார்கள். ஏன் நடக்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை.

1921இல்தான் விடை வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் சேர்ந்து பிரிட்டிஷ் உலோகவியல் இதழில் கட்டுரை எழுதினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்கால ஈரம், தோட்டாக் குழலுக்குள்ளேயே இருக்கும் இறுக்கம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்வதுதான் காரணம். ஒன்று குறைந்தாலும் வெடிப்பு வராது.

இந்த ‘இறுக்கம்’தான் எனக்குப் பெரிய திறப்பு. வட்டமாக வெட்டிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்கி, அதையே மறுபடி மறுபடி இழுத்து நீட்டித்தான் தோட்டாக் குழல் செய்வார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீளாது. ஒரு பக்கம் அதிகம் இழுபடும், பக்கத்திலிருப்பது அதைத் திருப்பி இழுக்கும். வேலை முடிந்த பிறகும் அந்த இழுபறி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றில் ஒரு புரியை மட்டும் யாராவது அறுத்துவிட்டால் என்ன ஆகும்? அம்மோனியா செய்வது அந்த அறுப்பைத்தான். செம்போடு கூடி நீரில் கரையும் ஒரு சேர்மமாகிறது. பித்தளை என்பது நுண்ணிய மணிகள் நெருங்கி அமைந்த உலோகம். அந்த மணிகளின் சந்துகள் வழியாக அரித்து இறங்குகிறது. எங்கே இழுபறி அதிகமோ அங்கே பிளக்கிறது.

நம் தவலையும் குடமும் எப்படிச் செய்யப்படுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். தகட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் வயிறு வாங்குகிறார்கள், கழுத்தை ஒடுக்குகிறார்கள். நடுநடுவே நெருப்பில் காய்ச்சி ஆறவைத்தால் இறுக்கம் தளரும். கடைசியாகக் காய்ச்சிய பிறகு கழுத்துக்கும் வாய்க்கும் விழுகிற அடிகள் அப்படியே உள்ளே நின்றுவிடுகின்றன. பெயர் வெட்டும் உளி அதற்கும் மேலே ஒரு அடி. ஆச்சியின் தவலை கழுத்தில் ஏன் பிளந்தது, எழுத்தின் ஓரத்தில் ஏன் கிளம்பியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. துத்தநாகம் ஏற ஏற இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மையும் ஏறுகிறது. 15 பங்குக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனால்தான் தனிச் செம்புப் பாத்திரம் தொழுவத்தில் கிடந்தால் பச்சை பூக்கிறதே தவிர இப்படிப் பிளப்பதில்லை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, அதுவும் இதைத் தாங்கும். பித்தளையிலேயே வார்ப்பு வேலைக்கு ஆபத்து குறைவு. உருக்கி ஊற்றிய குத்துவிளக்குத் தண்டில் சுத்தியல் இறுக்கம் கிடையாது. ஆக, நாம் தலைமுறை தலைமுறையாகப் பரணில் ஏற்றிவைத்திருக்கும் தவலை, குடம், குத்துப்போணி, அண்டா ஆகியவைதான் முதலில் பாதிக்கப்படுகிறவை. கிராமத்து வீட்டில் கூடுதல் பரண் எங்கே இருக்கும்? கொட்டகையில்தான். பிரிட்டிஷ்காரன் தோட்டாவை வைத்த இடத்திலேயே நாம் சீர்வரிசையை வைத்திருக்கிறோம்.

இதைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம் டார்ச்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது. மூன்று பூனைகள் இருக்கும் கடையில் பித்தளை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே.

நம் மூவரையும் உங்களுக்குத் தெரியும். எனாமல், பர்மா, குண்டான். எனாமல் வெள்ளைப் பெண். பகலெல்லாம் வெண்கல உருளிக்குள் சுருண்டிருப்பவள். பர்மா தேக்கு நிறம். ஊஞ்சல் பலகை அவளுடையது. விலை கேட்க வருபவர்கள் அவளை எழுப்பத் தயங்கி நின்றுகொண்டே பேசுவார்கள். சென்னையிலிருந்து ஒரு தம்பதி அந்த ஊஞ்சலுக்கு வந்து, அவள் தூங்கி எழும்வரை எதிர்க்கடையில் காபி குடித்துக் காத்திருந்து வாங்கிப் போனார்கள். நல்ல மனிதர்கள். மறுநாளே பர்மா அடுத்த பலகையைப் பிடித்துவிட்டாள். குண்டான் ஆண், குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று. ஆனால் ராத்திரியில் ஓட்டுக்கூரை வழியாக ஒரு தெருக்கடுவன் வந்து போகிறான். அவனை நான் நேரில் பார்ப்பது அபூர்வம். காலையில் கதவைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும்.

பூனை மூத்திரம் மற்றவற்றைவிட ஏன் இவ்வளவு காரம் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட பூமியில் திரிந்த காட்டுப் பூனை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத இடத்தில் உடம்பிலிருக்கும் நீரைச் சிக்கனமாகச் செலவழித்துப் பழகிய சிறுநீரகம் அது. அதனால் வெளியேறுவது கொஞ்சம்தான், ஆனால் மிகக் கெட்டி. அதிலிருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. கடுவன் மூத்திரத்தில் இதற்கு மேலே ஃபெலினைன் என்ற பொருளும் நிறைய உண்டு. அது சிதையும்போது வருவதுதான் அந்தத் தனி நாற்றம். காயடித்துவிட்டால் ஃபெலினைனும் குறையும், பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலும் நின்றுவிடும். கடுவன் எல்லை குறிக்கும்போது உட்கார்ந்து பெய்வதில்லை. நின்றபடி வாலைத் தூக்கிப் பின்பக்கமாகச் செங்குத்தான பரப்பில் பீய்ச்சுவான். ஏறக்குறைய நம் முழங்கால் உயரத்துக்கு விழும். தரையில் நிற்கும் அண்டாவுக்கு அதைவிட வசதியான குறி கிடையாது.

எனவே செவ்வாய்க்கிழமை கடையைப் புரட்டிப் போட்டோம். கீழ்த்தட்டிலிருந்த பித்தளை எல்லாம் இடுப்புக்கு மேலே ஏறியது. கீழே கல்சட்டி, ஆட்டுக்கல், இரும்புப் பெட்டி, மங்கு ஜாடி. அம்மோனியா அவற்றைப் பிளக்காது. கழுவித் துடைத்தால் போதும். எனாமலின் உருளியை மட்டும் அசைக்கவில்லை. அது வார்ப்பு வெண்கலம், தான் தூங்குகிற இடத்தைத் தானே அசுத்தம் செய்யும் பிராணி பூனை இல்லை. மண் தட்டு பின்வாசலில், காற்றோடுகிற இடத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் அதை அள்ளிவிட்டால் யூரியா அம்மோனியாவாக மாறுவதற்கே நேரம் கிடைக்காது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, ஈரத்தை நம்மால் நிறுத்த முடியாது. இறுக்கம் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, விற்பனைக்கு நிற்கும் சாமான் ஒவ்வொன்றையும் காய்ச்சிக்கொண்டிருக்கவும் முடியாது. மூன்றில் நம் கைக்குள் இருப்பது அம்மோனியா ஒன்றுதான். அதைத் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

இவ்வளவு தொல்லைக்குப் பூனை எதற்கு என்று கடைக்கு வருபவர்களில் யாராவது ஒருவர் வாரந்தோறும் கேட்டுவிடுகிறார். பழைய சாமான் கடையில் உலோகத்தைவிடக் காகிதம் அதிகம் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேரேடு, சிட்டை, கல்யாணச் சாமான் பட்டியல், ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு, சட்டம் போட்ட ரவிவர்மா அச்சுப்படங்கள். 1894இல் மும்பையில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படம் ஒன்று முன்பக்கம் புத்தம் புதிதாக இருக்கும். திருப்பினால் பின்பலகைக்கும் தாளுக்கும் நடுவில் எலி கூடு கட்டியிருக்கும். சரஸ்வதியின் வீணை பாதி எலி வயிற்றுக்குள் போயிருக்கும். மருந்து வைத்தால் எலி பெட்டகத்துக்குள் போய்ச் செத்து நாறும். பொறி ஒன்றைப் பிடிக்கும், ஒன்பதை விட்டுவிடும். பூனை வாசனை இருக்கிற இடத்தில் எலி குடிவருவதே குறைகிறது.

இதில் நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலிகள் காகிதங்களைத் தின்று தீர்த்தபோது, 1868இல் அதிகாரபூர்வமாகவே மூன்று பூனைகளை வேலைக்கு எடுத்தார்கள். சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் 1 ஷில்லிங் படி. பூனைக்குப் படி ஒதுக்கக் கோப்பு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அவர்கள்மேல் மரியாதையை உண்டாக்குகிறது. ரஷ்யாவில் எலிசபெத் பேரரசி 1745இல் கஜான் நகரத்திலிருந்து நல்ல வேட்டைப் பூனைகளாகப் பார்த்து அரண்மனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையிட்டார். அந்த அரண்மனை இருந்த இடத்தில்தான் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் நிற்கிறது. இன்றும் அங்கே பூனைகள் உண்டு. நிலவறையிலும் முற்றத்திலும்தான் அவற்றுக்கு இடம். படங்கள் தொங்கும் கூடங்களுக்குள் அனுமதி இல்லை. நம் கடையில் நிலவறை கிடையாது. எனாமல் எல்லாக் கூடங்களுக்கும் போவாள்.

பித்தளைக்கு வருகிறேன். அம்மோனியாவைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்தத் தொழிலில் அது எத்தனை வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பது தெரிந்தது. பழசாக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பித்தளைச் சாமானை மூடிய டப்பாவில் வைத்து, அடியில் அம்மோனியாத் தண்ணீர் ஊற்றி, உப்பும் தெளித்து மூடிவிட்டால் சில நாளில் பச்சையும் நீலமும் பூத்து நூறு வயதுத் தோற்றம் வந்துவிடும். அலங்காரத்துக்காகச் செய்வதில் தவறில்லை, புதியது என்று சொல்லி விற்கும்வரை. பழசு என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கை படும் இடத்தைப் பாருங்கள். விளக்கின் தண்டு, செம்பின் கழுத்து, கரண்டியின் காம்பு எல்லாம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்க வேண்டும். பச்சை இருந்தால் மடிப்புகளிலும் அடியிலும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் அது டப்பாவில் வளர்ந்த வயது. தரையில் உட்காரும் வட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். உண்மையில் புழங்கிய பாத்திரத்தின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உப்புத்தாள் போட்டவன் ஒரே திசையில் தேய்த்திருப்பான்.

புளி போட்டு விளக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தோறும் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்த வீட்டுப் பாத்திரங்களில் விலாசம் பாதி அழிந்துதான் வருகிறது. விற்கக் கொண்டுவரும்போது தயவுசெய்து பளபளப்பாக்கிக் கொண்டுவராதீர்கள். அந்த எழுத்துதான் அந்தப் பாத்திரத்தின் பிறப்புச் சான்றிதழ், என் கண்ணில் அதன் விலையில் பாதி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் கடிதங்களில் திரும்பத் திரும்ப இது வருகிறது. 1972ஆம் வருடத்துச் சட்டப்படி நூறு வருடமோ அதற்கு மேலோ ஆன கலைப்பொருள், கைவினைப் பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவே முடியாது. கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75 வருடமே போதும். நான் சாமி சிலை வாங்குவதில்லை, விற்பதில்லை, யாருக்காவது கைகாட்டுவதும் இல்லை. கோயிலில் இருக்க வேண்டியது கடையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது. தமிழ்நாட்டில் 1983இலேயே சிலைக் கடத்தலுக்கென்று தனிக் காவல் பிரிவு தொடங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அதில் பொறுப்பு உண்டு. அடுத்தது.

ஈயம் பூசும் பெரியவர் புதன்கிழமை மறுபடி வந்தார். நான் குதிரை லாயக் கதையைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டே பையைத் திறந்து ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். நவச்சாரம். “இதுவும் அதே சாதிதான், தெரியுமா?” என்றார். உண்மைதான். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவிப் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் புகை எழும்பும், கறை போய் உலோகம் பளிச்சென்று தெரியும். உடனே வெள்ளீயத்தைத் தேய்த்துப் பரப்புவார். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் அமிலமாகவும் பிரிந்து கறையைத் தின்றுவிடுகிறது. அது சுத்தமாகாவிட்டால் ஈயம் ஒட்டாது, திரண்டு உருளும்.

அப்படியானால் நவச்சாரம் பாத்திரத்தைப் பிளக்காதா என்று கேட்டேன். “நெருப்புல ஏறுன பாத்திரம் தம்பி. நெருப்பு அதோட கோவத்தை எடுத்துரும். அப்புறம் தண்ணில கழுவிடுறோம்ல.” வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். அது உருகி ஓட வேண்டுமானால் பாத்திரம் அதற்கு மேலே சூடேறியாக வேண்டும். தோட்டாக்களுக்கு 1921க்குப் பிறகு கிடைத்த மருந்தும் இதுதான்: உலோகம் மெத்தென்று ஆகிவிடாத அளவுக்கு, ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடேற்றிச் சிறிது நேரம் வைத்து ஆறவிட்டால் உள் இறுக்கம் தளர்ந்துவிடும். வருடம் ஒருமுறை ஈயம் பூசிய வீட்டுப் பாத்திரங்களுக்கு இந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பரணில் ஏறிய பாத்திரத்துக்கு அது நின்றுபோனது. எவர்சில்வர் வந்ததும் பித்தளை பரணேறியது, பரணேறியதும் நெருப்பு பார்க்கவில்லை, கீழே மாடு நின்றது. பெரியவர் வருகிற தெருக்களும் குறைந்துவிட்டன. அவருடைய மகன் துபாயில் ஏசி மெக்கானிக்.

பூட்டு அடுத்த வாரத்துக்குப் போகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை இரண்டு பத்தியில் திணிக்க விருப்பமில்லை. மேசைமேல் இருக்கும் பூட்டுக்கு ஒரு சாவி போதாது, இரண்டாவது சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: பாட்டியின் பாத்திரங்களை விற்க மனமில்லை, புழங்கவும் முடியவில்லை, எப்படி வைப்பது? முதலில் தொழுவம், கோழிக்கூடு, கழிவறைச் சுவர் இவற்றின் அருகே வேண்டாம். உரமூட்டை அடுக்கும் அறையும் வேண்டாம். யூரியா மூட்டையில் ஈரம் ஏறினால் அங்கேயும் அம்மோனியா கிளம்பும். தரை துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு, சீசாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அந்த அறையில் பயன்படுத்துங்கள். ஒன்றுக்குள் ஒன்று அழுத்தி அடுக்காமல் நடுவில் பழைய பருத்தித் துணி போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டவே கூடாது, ஈரம் உள்ளேயே நிற்கும். முடிந்தால் ஒன்றையாவது இறக்கி ஈயம் பூசி ரசம் வையுங்கள். பித்தளைக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

ஆச்சியின் தவலையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். விரிசலுக்கு ஒட்டு வைக்கலாம், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் கிளம்பும் என்றார் பெரியவர். தண்ணீர் ஊற்றாமல் பார்வைக்கு வைக்கலாம். விலாசம் இன்னும் படிக்க முடிகிறது. அதை விற்க வேண்டாம், முகப்பில் வையுங்கள் ஆச்சி என்று சொல்லியிருக்கிறேன். பேரனுக்கு அந்த மூன்று எழுத்தும் யார் யார் என்று தெரியவில்லை. ஆட்டோ வரும்வரை ஆச்சி அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே பரணில் இன்னும் குடங்கள் இருக்கின்றனவாம். அதே கல்யாணத்துச் சாமான், அதே கைவேலை, இன்னும் பிளக்காதவை. மாடு போய் வருடங்கள் ஆனாலும் அந்த மண்தரையில் வாடை நிற்கிறது, மேலே மழையும் வந்துவிட்டது. இன்று மாலையே போன் செய்து அவற்றைப் பரணிலிருந்து இறக்கி வீட்டுக்குள் வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை பெரியவர் துருத்தியோடு அங்கே வருகிறார். ஒவ்வொரு குடத்தையும் மெல்லச் சூடேற்றி, வெள்ளீயக் குச்சியால் தொட்டுப் பார்த்து, ஈயம் உருகிய பிறகும் சற்று நேரம் தணலிலேயே வைத்து ஆறவிடுவதாகப் பேச்சு. கரி நான் வாங்கித் தருகிறேன். கூலியை ஆச்சி தருவதாகச் சொல்லிவிட்டார்.